சாவுக்கு முன் ஒரு அங்பாவ்

தான் செத்துப்போன செய்தியை லோக் ஸ்யூ யிங், ஃபாட்டின் கோப்பிக்கடையில்தான் கேள்விப்பட்டாள்.

"நேத்து ரொம்ப நல்லா செத்தீங்கக்கா," என்றான் ஃபாட், பால் சேர்க்காத கோப்பி ஓவை மேசையில் வைத்தபடி. "என் பொண்டாட்டி மூக்கச் சிந்திச் சிந்தி ஒரு டப்பா டிஷ்யூவைக் காலி பண்ணிட்டா."

புடு வட்டாரத்தில் இப்படி விசாரிக்கப்படுவது யிங்குக்குப் புதிதல்ல. இருபது வருஷத்துக்கும் மேலாக சீனத் தொலைக்காட்சித் தொடர்களில் செத்துக்கொண்டிருப்பவள் அவள். ரத்தம் கக்கிச் செத்திருக்கிறாள், மாடிப்படியில் உருண்டு செத்திருக்கிறாள், வெளிநாடு போன மகன் வாசலில் கால் வைக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடியிருக்கிறாள். கதாநாயகி வேஷமெல்லாம் மூக்கு எடுப்பாக இருந்தவர்களுக்குப் போய்விட்டது. யிங்குக்குக் கிடைத்தது, கதை சூடுபிடிப்பதற்காகச் சாகிற அம்மா வேஷம். மற்ற நடிகைகள் சவப்பெட்டி என்றாலே தலை தெறிக்க ஓடுவார்கள். யிங் ஓடமாட்டாள். அதுதான் அவள் பிழைப்பு, அதுதான் அவள் பெருமையும்.

ஆனால் அவள் படப்பிடிப்புக்குப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது.

"எந்தத் தொடர்ல செத்தேன்?" என்றாள்.

"என்னக்கா, செத்தவங்களுக்கே ஞாபகமில்லையா? எட்டு மணித் தொடர்லா." ஃபாட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் அந்தக் காட்சியைத் தேடி எடுத்துக் காட்டினான்.

ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் யிங் படுத்திருந்தாள். காதோரத்து மச்சம் அவளுடையது. அழுகையை அடக்கும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாளே, அதுவும் அப்படியே இருந்தது. குரலும் அவளுடையதுதான், அவள் ஒருநாளும் பேசாத வசனத்தைப் பேசிக்கொண்டிருந்தது. பிறகு கண் மூடியது. அடுத்த காட்சியில் ஒரு வரவேற்பறைச் சுவர், கறுப்புச் சட்டம் போட்ட அவள் படம், இரண்டு வெள்ளை மெழுகுவத்தி, புகைகிற ஊதுபத்தி. படத்துக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவள் எந்தப் படப்பிடிப்பிலும் சிரித்ததில்லை.

யிங் கோப்பியைத் தள்ளி வைத்தாள். அவள் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி இதுதான்.

"அங்பாவ் யாருடா குடுத்தது?"

ஃபாட்டுக்கு முகம் மாறிவிட்டது. அவனுக்கும் தெரியும். இந்த ஊரில் நாடகம் எடுக்கிற சீனர்கள் எவ்வளவு பெரிய படிப்பு படித்திருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் விளையாட மாட்டார்கள். சாகிற வேஷம் போடுகிறவருக்குத் தயாரிப்பாளர் தன் கையாலேயே, இரண்டு கையாலும், சிவப்பு உறையில் பணம் வைத்து அங்பாவ் கொடுக்க வேண்டும். அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் பெட்டியில் படுப்பது. சட்டம் போட்ட படமும் அதுவரை சிவப்புத் தாளால் மூடித்தான் இருக்கும். காட்சி முடிந்து டைரக்டர் 'கட்' சொன்னதும் செத்தவர் எழுந்து உட்கார்ந்து எல்லாரும் கேட்க வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அந்தப் படத்தைத் தன் கையாலேயே கிழிக்க வேண்டும், பம்பளிமாஸ் இலை போட்ட தண்ணீரில் முகம் கழுவ வேண்டும். இதெல்லாம் முடிந்தால்தான் செத்தவர் திரும்பி வந்ததாகக் கணக்கு.

யிங் அங்பாவ் வாங்கவில்லை, சிரிக்கவில்லை, படத்தைக் கிழிக்கவில்லை. நேற்று எட்டு மணிக்கு நாடு முழுக்கப் பார்க்க அவளைக் கொன்றுவிட்டு, திரும்பி வா என்று கூப்பிடக்கூட ஆளில்லாமல் விட்டிருக்கிறார்கள். யிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பிக்குக் காசு வைக்கவும் மறந்து எழுந்து போனாள்.

அந்த எட்டு மணித் தொடரை எடுக்கிற கென்னி குவான், தயாரிப்பாளர் ஆவதற்கு முன்னால் க்ளாப் பலகை பிடித்துக்கொண்டிருந்தவன். அந்தக் காலத்தில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் அவனுக்கு மட்டும் எப்போதும் குறையும். யிங் தன் கோழிச் சோற்றில் பாதியைத் தள்ளிக் கொடுத்திருக்கிறாள். இப்போது அவன் அலுவலகத்துக்குக் கண்ணாடிக் கதவு, கதவுக்கு ஒரு பொத்தான், பொத்தானை அமுக்க ஒரு பெண்.

"உக்காருங்கக்கா. டீ சொல்லட்டா?"

"நான்தான் செத்துட்டேனே. செத்தவளுக்கு என்னடா டீ?"

கென்னி சிரித்துச் சமாளித்தான். "ஓ, அதைப் பாத்துட்டீங்களா? அது நீங்க இல்லக்கா. கம்ப்யூட்டர் செஞ்சது. பாக்க உங்கள மாதிரி இருக்கு, அவ்ளோதான்."

"மச்சத்தையும் கம்ப்யூட்டரே பெத்துச்சா?"

"போன வருஷம் வந்து ஒரு வட்டத்துக்குள்ள நின்னீங்களே, ஞாபகம் இருக்கா? சுத்தி கேமரா வச்சி எடுத்தோம். சிரிக்கச் சொன்னோம், அழச் சொன்னோம், ஏதோ படிக்கச் சொன்னோம். கையெழுத்துகூடப் போட்டீங்க."

ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அவளோடு இன்னும் பல துணை நடிகர்கள் வரிசையில் நின்றார்கள். கோழிச் சோறு போட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டினார்கள்.

"லைட்டுக்கு அளவு எடுக்கறோம்னுதானே சொன்னே?"

"எல்லாம் ஒண்ணுதாங்க்கா."

"எதுடா ஒண்ணு? தையக்காரன் சட்டைக்கு அளவு எடுத்துட்டு, தோலை உரிச்சிட்டுப் போனா அதுவும் ஒண்ணா?"

"கோவப்படாதீங்க. உங்க நல்லதுக்குத்தான். விடியக்காலைல எழுந்திரிக்க வேணாம், பெட்டிக்குள்ள படுத்துக் கொசுக்கடி வாங்க வேணாம். நீங்க பாட்டுக்கு வீட்ல காலை நீட்டிட்டு இருங்க. முகம் போய் வேலை பாக்கட்டும்."

"முகம் வேலை பாத்தா, வாய் எங்க போய்ச் சாப்பிடும்?"

கென்னி மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"சரி, அதை விடு. அங்பாவ் ஏன் குடுக்கல?"

இப்போது அவன் உண்மையிலேயே சிரித்தான். "என்னக்கா நீங்க! கம்ப்யூட்டருக்கு யாராச்சும் அங்பாவ் குடுப்பாங்களா? செத்தது நீங்க இல்லன்னு சொல்றேன்ல? எங்க வக்கீலும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருக்காரு."

"அழிச்சிடு."

"எதை?"

"அந்த முகத்தை. என் முகத்தை."

"முடியாதுக்கா. தொடர்ல இன்னும் சாவு வீடே எடுக்கல." அவன் எழுந்து கதவைத் திறந்துவிட்டான். மரியாதையாகத்தான் திறந்தான். பாதிச் சோறு போட்டவளுக்கு அவன் காட்டிய நன்றி அந்தக் கதவு திறப்பு மட்டும்தான்.

யிங் நேராக நடிகர் சங்கத்துக்குப் போனாள். அங்கிருந்த வக்கீலம்மா நல்லவள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஆனால் கேட்டு முடித்துக் கையை விரித்தாள்.

"அது நீங்க இல்லன்னு சொல்லிடுவாங்கம்மா. சும்மா ஜாடைதான்னு சொல்வாங்க. மூஞ்சி ஒத்திருந்தா அது குத்தமான்னு கேப்பாங்க. இப்ப இருக்கற சட்டத்துல இதுக்கு சரியா ஒரு வார்த்தைகூட இல்ல. அது நீங்கதான்னு அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாப் பிடிச்சிக்கலாம். ஒத்துக்குவாங்களா?"

"செத்தாலும் ஒத்துக்க மாட்டானுங்க," என்றாள் யிங். "அதுவும் நான்தானே சாகறேன், அவனுங்களுக்கு என்ன?"

தன் முகத்தைத் தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை ஒரு மனுஷிக்கு வந்ததை நினைத்தால் இந்தக் கதையைச் சொல்கிற எனக்கே இப்போதும் ஆத்திரம் வருகிறது. வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, மோட்டார் சைக்கிளுக்குப் பதிவு எண் இருக்கிறது. ஐம்பத்து சொச்ச வருஷம் தூக்கிச் சுமந்த மூஞ்சிக்கு எந்த அலுவலகத்தில் போய்ச் சாட்சி கேட்பது?

நடந்ததையெல்லாம் யிங் தன் சிநேகிதி ஹியோங்கிடம் சொன்னாள். ஹியோங் மேக்கப் போடுகிறவள். யிங் செத்த ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சாம்பல் நிறம் பூசியது இவள் கைதான். கென்னியின் தொடரில் இப்போது வேலை செய்துகொண்டிருப்பவளும் இவள்தான். ஹியோங்கிடம் ஒன்றைச் சொல்வதும் பத்திரிகையில் போடுவதும் ஒன்று. யிங்குக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

சாவு வீட்டுக் காட்சி எடுக்கிற அன்று காலை ஹியோங்கிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"யிங், இங்க ஒண்ணும் நடக்கல. எல்லாம் நின்னு போச்சு!"

செர்டாங்கில் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீடு. நடுக்கூடத்தில் காலிப் பெட்டி. மூடி திறந்த மாதிரி எடுத்துக்கொண்டு, பிறகு கம்ப்யூட்டரில் யிங்கின் முகத்தை உள்ளே வைத்துவிடுவதாகத் திட்டம். ஆனால் பெட்டிக்கு முன்னால் வைக்கிற யிங்கின் படம், முன்னே சுவரில் காட்டியதுபோல் கம்ப்யூட்டரில் செய்ததல்ல, சட்டம் போட்ட அசல் படம். படப்பிடிப்புப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் புன் அண்ணன் அதைச் சிவப்புத் தாளில் சுற்றி எடுத்து வந்து, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "இந்தம்மாவுக்கு அங்பாவ் போயிருச்சா?"

"கம்ப்யூட்டர்தானே, தேவையில்லையாம்," என்றான் கென்னியின் உதவியாளன்.

புன் அண்ணன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். பெட்டி தூக்க வந்த ஆட்கள் நிஜமாகவே பிணம் தூக்குகிறவர்கள். தோளில் வாகாக எடுப்பார்கள் என்று ஈமச்சடங்குக் கடையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். அவர்கள் விஷயத்தைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். அங்பாவ் வாங்காத உயிருள்ள மனுஷியின் படத்துக்கு முன்னால் பெட்டி தூக்குவது அவளை நாமே கூப்பிட்டுச் சாவுக்கு அனுப்புகிற மாதிரி, எங்களால் ஆகாது என்றார்கள். மகனாக நடிக்கிற ஜேவன் அந்தத் தொடரின் கதாநாயகன். காலையிலிருந்து துக்கத்துக்குரிய சணல் துணி கட்டிக்கொண்டு தயாராக இருந்தான்.

"எனக்கு மூட நம்பிக்கையெல்லாம் கிடையாது," என்றானாம். "ஆனா உயிரோட இருக்கற யிங் அக்காவுக்கு நான் சணல் கட்டி அழணுமா? நாளைக்கு எங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கென்னி வந்து பொறுப்பேத்துக்குவாரா?" கார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டான்.

செத்தவளைச் செய்யத் தெரிந்த கென்னிக்கு அழுகிறவர்களைச் செய்ய இன்னும் தெரியவில்லை. அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான்.

ஹியோங் போனை வைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், யிங் உட்கார்ந்திருந்த ஃபாட்டின் கடை வாசலில் கென்னியின் கார் வந்து நின்றது. முகமெல்லாம் வியர்வை. யிங்குக்கு எதிரே உட்கார்ந்து, மேசையில் ஒரு சிவப்பு உறையை வைத்தான். நல்ல தடிமனான உறை.

"அக்கா, வாங்கிக்கங்க. எல்லாரும் காத்திட்டிருக்காங்க. இது என் தப்புதான், அன்னிக்கே குடுத்திருக்கணும்."

அங்பாவைப் பார்த்ததும் யிங்கின் இரண்டு கையும் தானாக மேலே வந்தன. அத்தனை வருஷப் பழக்கம். உறையைத் தொடப் போகிற இடத்தில் அவளுக்கு வக்கீலம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்க வேணாம் தம்பி," என்றாள், சிரித்த முகமாக. "கோப்பிக்கடைல வச்சி அங்பாவ் வாங்கற பழக்கம் எனக்கில்ல. பெட்டி முன்னாடி, எல்லார் முன்னாடியும் குடு. அதுதானே முறை?"

"அவ்ளோதானே? வாங்கக்கா, போலாம்!" கென்னிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிழவியின் வாயை அடைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு கார்க் கதவை அவனே திறந்துவிட்டான்.

செர்டாங் வீட்டில் எல்லாரும் கூடத்துக்கு வந்தார்கள். பெட்டி தூக்குகிறவர்கள் ஒரு பக்கம், புன் அண்ணன் ஒரு பக்கம், ஜேவன் சணல் துணியோடு நடுவில். ஹியோங் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் எதையாவது எடுத்துக்கொண்டுதான் இருப்பாள் என்பதால் கென்னி அதைக் கண்டுகொள்ளவில்லை.

முறைப்படி குனிந்து, இரண்டு கையாலும் அங்பாவை நீட்டினான்.

யிங் வாங்கவில்லை. "இது யாருக்கு?" என்றாள்.

"உங்களுக்குத்தாங்க்கா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... எல்லாம் தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியும். அண்ணன்மாருக்குத் தெரியணும்ல? தூக்கப் போறவங்க அவங்கதானே. சத்தமாச் சொல்லு."

கென்னி சுற்றிப் பார்த்தான். பெட்டி தூக்குகிறவர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சரியாகச் சொல்லாவிட்டால் இன்றைய நாளே போய்விடும் என்ற அவசரம் அவனுக்கு. மற்ற எதையும் அவன் யோசிக்கவில்லை.

"தொடர்ல சாகறதுக்கு. இந்தத் தொடர்ல செத்துப்போற அம்மா நீங்க. அதுக்குத்தான் இந்த அங்பாவ்."

"நானா?"

"நீங்கதாங்க்கா. வேற யாரு?"

"அன்னிக்கு நான் இல்லன்னே. கம்ப்யூட்டர்னே. ஜாடைன்னே. இன்னிக்கு நானா?"

 கென்னிக்கு அப்போதுதான் உறைத்தது. ஹியோங்கின் கைப்பேசியைப் பார்த்தான், கையிலிருந்த சிவப்பு உறையைப் பார்த்தான். உறையைப் பின்னால் இழுத்துக்கொண்டால் பெட்டி நகராது. நீட்டியபடியே நின்றால் அவன் சொன்னது சொன்னதுதான். வக்கீல் சொல்லிக்கொடுத்த பொய்யை ஒரு அங்பாவுக்காகத் தானே வாய் திறந்து உடைத்துக்கொண்டவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"என் மூஞ்சின்னு உனக்குத் தெரியும்டா!" யிங் கத்தினாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. "தெரிஞ்சதனாலதான் பயந்து ஓடி வந்திருக்கே. சாமிக்குப் பயந்தே, பேய்க்குப் பயந்தே, பெட்டி தூக்கறவனுக்குப் பயந்தே. உனக்குச் சோறு போட்டவ முகத்துக்கு மட்டும் பயப்படல! அழிடா. என்னுது மட்டுமில்ல. அன்னிக்கு அந்த வட்டத்துல நின்ன அத்தனை பேருதும் அழி. அழிச்சிட்டு வா, நானே வந்து படுக்கறேன். அப்பறம் குடு உன் அங்பாவ்."

"அழிச்சிடறேன்க்கா. இப்பவே சொல்லிடறேன். கம்ப்யூட்டர்ல இருக்கறத மொத்தமா எடுத்துடறேன்."

"வேற எங்கயாச்சும் இருக்கா?"

"இல்ல."

"வா இங்க." யிங் அவன் மணிக்கட்டைப் பிடித்து, படப்பிடிப்பு தொடங்குகிற ஒவ்வொரு நாளும் புன் அண்ணன் பூஜை போடுகிற சாமி மாடத்துக்கு முன்னால் இழுத்துப் போய் நிறுத்தினாள். புன் அண்ணன் யாரும் கேட்காமலேயே ஊதுபத்தியைப் பற்றவைத்து அவன் கையில் கொடுத்தார். "இதைப் பிடிச்சிட்டுச் சொல்லு. வேற எங்கயும் இல்லன்னு."

ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.  சாம்பல் கென்னியின் விரலில் விழுந்தது.

"இன்னொன்னு இருக்கு," என்றான் தரையைப் பார்த்து. "வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணுக்கு எல்லார் முகத்தையும் அனுப்பியிருக்கேன். அவங்க தொடர்களுக்கு."

ஜேவன் சணல் துணியை அவிழ்த்துப் பெட்டியின் மேல் போட்டான்.  பெட்டி தூக்குகிறவர்கள் முதலில் போனார்கள், பிறகு விளக்குக்காரர்கள், பிறகு ஹியோங். யிங் கடைசியாகப் போனாள். போகிற வழியில் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தன் படத்தைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தொடர் மட்டுமல்ல, கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தச் சீனத் தொடரிலும் ஒரு சாவு வீடு எடுக்க முடியவில்லை. முதலில் வட்டத்தில் நின்றவங்க முகத்தையெல்லாம் அழிச்சுக் காட்டு, பிறகு பெட்டியைத் தூக்குகிறோம் என்றுவிட்டார்கள் எல்லாரும். ஹியோங் கைப்பேசியில் எடுத்த வீடியோ சங்கத்து வக்கீலம்மாவின் மேசைக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு வக்கீலம்மா வாய்விட்டுச் சிரித்தாளாம். எட்டு மணித் தொடரில் கதாநாயகன் அம்மா சாவுக்கு வந்து அழ முடியாமல் வாரக்கணக்கில் வெளியூரிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். விளம்பரக்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கென்னியின் கண்ணாடிக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள்.

கடைசியில் கென்னி வந்தான். இந்தத் தடவை கார்க் கதவைத் திறந்துவிடவில்லை, யிங் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டான். எல்லா முகங்களையும் அழித்துவிட்டதாக வெளிநாட்டுக் கம்பெனி எழுதிக்கொடுத்த தாளை வக்கீலம்மா படித்துச் சரி என்றாள். செர்டாங் வீட்டில் சாமி மாடத்துக்கு முன்னால் ஊதுபத்தியைப் பிடித்து, தன் மடிக்கணினியைத் தவிர வேறெங்கும் எதுவும் இல்லை என்று கென்னி சத்தமாகச் சொன்னான். இந்தத் தடவை சாம்பல் விழுவதற்குள் சொல்லி முடித்தான். பிறகு எல்லாரும் பார்க்க மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு முகமாக அழித்தார்கள். வட்டத்தில் நின்ற ஒவ்வொருவரும் வந்து தங்கள் முகம் போவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக யிங்கின் முகம் வந்தது. அது திரைக்குள்ளிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் ஒருநாளும் சிரிக்காத அதே சிரிப்பு.

"ரொம்ப அழகா சிரிக்கறா," என்றாள் யிங். "போகச் சொல்லு."

முகம் போனது.

அதற்குப் பிறகுதான் அங்பாவை இரண்டு கையாலும் வாங்கினாள். ஹியோங் சாம்பல் நிறம் பூசினாள். யிங் பெட்டியில் படுத்தாள். உள்ளே அதே கொசு, அதே பலகை வாசனை. ஜேவன் முழங்காலில் நகர்ந்து வந்து தலையைத் தரையில் முட்டி அழுதான், அந்தத் தொடரிலேயே அவன் நன்றாக அழுத ஒரே காட்சி அதுதான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். பெட்டி தோளில் ஏறி இறங்கியது. டைரக்டர் 'கட்' என்றார்.

யிங் எழுந்து உட்கார்ந்தாள். புன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த படத்தைச் சட்டத்திலிருந்து உருவி நாலாகக் கிழித்தாள். இனி அவள் சிரிக்க வேண்டும். கூடமே அதற்காகக் காத்திருந்தது. அவள் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினாள்.

"மைக்கை அணைச்சிடு."

ஒலிப்பதிவுக்காரர் விழித்தார். "காட்சிதான் முடிஞ்சிருச்சேக்கா..."

"தெரியும். அணை." அவள் கேமராக்காரர் பக்கம் திரும்பினாள். "மூடி போடு." பிறகு ஹியோங்கின் பக்கம். "நீயும்தான், போனைப் பையில வை. கென்னி, உன்னுதையும்."

ஒவ்வொன்றாக அணைந்தது. ஒலிவாங்கி, கேமரா, எல்லாருடைய கைப்பேசியும். எதிலும் சிவப்பு விளக்கு எரியவில்லை என்று யிங் பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றையும் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

அப்புறம்தான் சிரித்தாள். அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் மட்டும்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டார்கள்.